நகர வானிலும் நெபுலா தெரியும்

1864 ஆகஸ்ட் 29 இரவு. லண்டன் டல்ஸ் ஹில்லில் உள்ள தம் வீட்டு ஆய்வகத்தில் வில்லியம் ஹக்கின்ஸ், பூனைக்கண் நெபுலாவின் ஒளியை நிறமாலைமானி வழியே பிரித்துப் பார்த்தார். விண்மீன் ஒளியில் விரியும் வானவில் பட்டை அதில் இல்லை. பச்சையாக ஒரு கோடுதான் பளிச்சிட்டது. அந்த நெபுலா விண்மீன் கூட்டம் அல்ல, ஒளிரும் வாயு என்பது அப்படித்தான் தெரிய வந்தது. அந்தக் கோடு பூமியில் அறிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாததால் 'நெபுலியம்' என்று பெயர் வைத்தார்கள். இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன்தான் அது என்று ஐரா போவன் விளக்கியது 1927இல்.

இன்று தெருவிளக்கு வெளிச்சத்தின் நடுவே தொலைநோக்கி வைத்திருப்பவருக்குக் கைகொடுப்பது இந்தக் கோடுதான்.

அந்த ஆக்சிஜனின் கோடுகள் 495.9, 500.7 நானோமீட்டரில் இருக்கின்றன, ஹைட்ரஜன்-பீட்டா 486.1இல். மூன்றும் ஒரு குறுகிய சன்னலுக்குள் அடங்கிவிடுகின்றன. தொலைநோக்கியின் ஐபீஸில் (கண்ணருகு வில்லையில்) பொருத்தும் யு.எச்.சி. வடிகட்டி அந்தச் சன்னலை மட்டும் திறந்துவைக்கிறது. 589இல் எரியும் சோடியம் விளக்கின் மஞ்சளும், 546இல் வரும் பாதரச விளக்கின் பச்சையும் வெளியே நின்றுவிடும். இருளுக்குப் பழகிய கண் மிகக் கூர்மையாக உணர்வதும் ஏறத்தாழ 507 நானோமீட்டர் ஒளியைத்தான். இயற்கை தந்த பெரிய வாய்ப்பு இது!

வடிகட்டி நெபுலாவின் ஒளியைக் கூட்டுவதில்லை. வானத்தைக் கருக்கிக் காட்டுகிறது; அதனால் நெபுலா எடுப்பாகத் தெரிகிறது. ஆக்சிஜன் கோடுகளை மட்டும் விடும் ஓ-III வடிகட்டியின் சன்னல் இன்னும் குறுகலானது. சிக்னஸ் விண்மீன் குழுவில் வெடித்துச் சிதறிய விண்மீனின் மிச்சமான வெய்ல் (Veil) நெபுலா, புறநகர் வானில் வெறும் ஐபீஸில் பெரும்பாலும் கண்ணுக்கே படாது. ஓ-III வடிகட்டியைப் பொருத்தினால் அதன் இழைகள் மெல்ல எழுந்து வரும். சிறிய நெபுலாக்களைத் தேட இன்னொரு வழியும் உண்டு: கண்ணுக்கும் ஐபீஸுக்கும் இடையே வடிகட்டியைக் குறுக்கே நகர்த்திப் பார்ப்பது. விண்மீன்கள் மங்கும், மங்காமல் நிற்பது நெபுலா.

முதன்முதலாக வாங்குபவர் யு.எச்.சி. வாங்குவதே நல்லது. ஓரியன், டம்பெல் போன்ற பல நெபுலாக்களுக்கு அது பயன்படும். குறைந்த உருப்பெருக்கத்தில், கண்ணை இருளுக்குப் பழக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். சூரியனைப் பார்க்க இந்த வடிகட்டிகளை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது, பார்வையே போய்விடும்.

வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் வந்தபின் நிலைமை கொஞ்சம் மோசம். அவற்றின் ஒளி எல்லா நிறங்களிலும் பரவுவதால் ஒரு பகுதி சன்னலுக்குள்ளும் நுழைகிறது. ஆனாலும் குறுகிய வடிகட்டிகள் இன்னும் நன்றாகவே உதவுகின்றன.

ஆண்ட்ரோமீடா போன்ற விண்மீன் மண்டலங்களுக்கு இவற்றால் பயனில்லை. அவற்றின் ஒளி விண்மீன்களின் ஒளி. வடிகட்டினால் அதுவும் போய்விடும். அவற்றை நகரத்திலிருந்து பார்க்க வேண்டுமானால் தெருவிளக்குகளுக்கு மேல்மூடி போட்டு ஒளியைத் தரைக்குத் திருப்ப வேண்டும். வானம் பார்க்கும் ஒவ்வொருவரும் இதைத் தம் ஊர் உள்ளாட்சியிடம் கேளுங்கள்.