இன்சுலின் வெளியே வரும் வழி

கணையத்தின் பீட்டா செல் ஒவ்வொன்றிலும் சுமார் 10,000 நுண்பைகள் உண்டு. அவற்றுக்குள் துத்தநாகத்தோடு சேர்ந்து படிகமாக உறைந்த இன்சுலின் இருக்கிறது. அதை வெளியே அனுப்புவதுதான் பெரும்பாடு. ஆக்சிஜன் போன்ற சிறு மூலக்கூறுகள் கொழுப்பாலான செல் சவ்வைச் சுலபமாகக் கடந்துவிடும். 51 அமினோ அமிலங்களால் கோக்கப்பட்ட இன்சுலினுக்கு அது முடியாது. சவ்வைக் கிழித்தாலோ செல் செத்துவிடும்.

அதனால் நுண்பையின் சவ்வையே செல் தன் வெளிச்சவ்வோடு சேர்த்துவிடுகிறது. ரசத்தின் மேல் மிதக்கும் இரண்டு எண்ணெய்த் துளிகள் தொட்டதும் ஒன்றாகிவிடுமே, அப்படி. பை வெளிப்பக்கமாகத் திறந்துகொள்ள, இன்சுலின் கரைந்து ரத்தத்தை நோக்கிப் போகிறது. இதற்கு எக்சோசைட்டோசிஸ் என்று பெயர். சவ்வுகள் தாமாக ஒட்டுவதில்லை. பையிலும் வெளிச்சவ்விலும் உள்ள ‘ஸ்நேர்’ புரதங்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு அவற்றை இழுத்து நெருக்குகின்றன. ஈஸ்ட், நரம்பு, கணையம் எங்கும் அடிப்படைப் பொறி இதுதான் என்பது வியப்பிலும் வியப்பு. இந்தப் போக்குவரத்தைத் துலக்கிய ஜேம்ஸ் ராத்மன், ராண்டி ஷெக்மன், தாமஸ் சூடோஃப் மூவருக்கும் 2013இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

எப்போது திறப்பது என்பதைச் சொல்வது குளுக்கோஸ். அது செல்லுக்குள் போய் எரிந்ததும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு கூடுகிறது. ஏடிபி சவ்விலுள்ள பொட்டாசியம் வழிகளை அடைக்கிறது. சவ்வின் மின்னழுத்தம் மாறி, கால்சியம் வழிகள் திறக்கின்றன. கால்சியம் உள்ளே பாய்ந்த கையோடு, சவ்வை ஒட்டிக் காத்திருந்த பைகள் திறக்கின்றன. சில நிமிடங்களில் எழும் முதல் அலை இது. உள்ளே இருக்கும் பைகள் பிறகு நிதானமாக வந்துசேரும். வகை 2 நீரிழிவில் முதலில் மங்குவது அந்த முதல் அலைதான். சாப்பிட்டபின் எடுக்கும் பரிசோதனையில் சர்க்கரை எகிறி நிற்க இது ஒரு முக்கியக் காரணம்.

நீரிழிவுக்காகப் பலர் தினமும் போடும் கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரைகள் அதே பொட்டாசியம் வழியை நேரடியாக அடைப்பவை. ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறியிருக்கிறதா என்று அவை பார்ப்பதில்லை. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டாலும் பைகள் திறக்கும், சர்க்கரை இறங்கும். வியர்த்துக்கொட்டி, கை நடுங்கி, மயக்கம்வரை போகலாம். விரத நாளில் மாத்திரையை என்ன செய்வதென்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.