பிள்ளையோடு பெற்றோருக்கும் ஒரு வகுப்பு

பெற்றோர் கூட்டத்துக்கு வரும் தாய்மார் சிலர் எப்போதும் கடைசி வாங்கைத்தான் தேடுவார்கள். "வீட்டில் மகள் வாசிக்கிறாளா?" என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும் டீச்சர், நான் ஆறாம் வகுப்போடு நின்றவள்" என்பார்கள். டிக்கோயாவில் கடைத்தெருக் குடும்பங்களிடமும் தோட்டத்து லயன் குடும்பங்களிடமும் இதே பதிலைக் கேட்டிருக்கிறேன். இது அக்கறையின்மை அல்ல, வெட்கம். ஆனால் பக்கத்தில் நிற்கும் பிள்ளையும் அதைக் கேட்கிறது. படிப்பு தன் வீட்டுக்குரியதல்ல என்று விளங்கிக்கொள்கிறது.

இதற்கு நாம் செய்வது இரண்டு. பிள்ளையை இன்னொரு டியூஷனுக்கு அனுப்புகிறோம். அல்லது பெற்றோரை அழைத்து ஒரு மணி நேரம் உபதேசம் செய்கிறோம். இரண்டிலும் பெற்றோர் எதையும் கற்பதில்லை.

துருக்கியில் வேறு வழியைப் பார்த்தார்கள். உளவியல் பேராசிரியை சிதெம் காயிட்சிபாஷி தலைமையிலான குழு 1982இல் இஸ்தான்புல்லின் வறிய குடும்பங்களிடையே ஓர் ஆய்வைத் தொடங்கியது. பிள்ளையோடு வீட்டில் எப்படிப் பேசுவது, எப்படி வாசிப்பது என்று தாய்மாருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்ற தாய்மாரின் பிள்ளைகளில் கூடுதலானோர் பாடசாலையில் நீடித்திருந்தனர். பின்னர் அது 25 வாரத் திட்டமாக நாடெங்கும் பரவியது. 1996 முதல் தந்தையருக்கும் தனித் திட்டம் வந்தது.

இங்கே பத்துக் குடும்பங்களோடு தொடங்கலாம். ஞாயிறு அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் இரண்டு மணி நேரம் போதும்.

முதல் முக்கால் மணி நேரம் பிள்ளைகள் ஓர் அறையில் வாசிக்கட்டும். பெற்றோர் அடுத்த அறையில் தமக்குத் தேவையானதைப் படிக்கட்டும்: மின்கட்டணப் பட்டியல், கிளினிக் அட்டை, வங்கிப் படிவம்.

அடுத்த முக்கால் மணி நேரம் இருவரும் சேர்ந்து அமர்வது. உம்மா சொல்லும் பழைய கதையைப் பிள்ளை எழுதலாம். பாடசாலையில் கற்ற சிங்கள எழுத்தைப் பிள்ளை உம்மாவுக்குக் கற்பிக்கலாம்.

மீதி அரை மணி நேரம் பெற்றோர் தமக்குள் பேசுவதற்கு. அங்கே ஆசிரியர் கேட்பவராக மட்டும் இருக்க வேண்டும்.

ஞாயிறு கடைக்காரருக்கு வேலை மிகுந்த நாள். ஆகவே வாப்பாமாருக்கு மாதம் ஒருமுறை இஷாவுக்குப் பின் வைக்கலாம். லயன் குடும்பங்களும் தயங்காமல் வர வேண்டுமென்றால் பாடசாலை மண்டபமே பொருத்தம். கற்பிக்க ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும் நம்மிடம் இருக்கிறார்கள்.

பத்ரில் பிடிபட்ட கைதிகளில் எழுதத் தெரிந்தவர்களை, மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் கற்பித்தால் விடுதலை என்று நபி (ஸல்) அவர்கள் விடுவித்த வரலாறு நமக்குத் தெரியும். கையில் இருந்ததைக் கல்வியாக்கிய சமூகம் அது. பள்ளிவாசல் நிர்வாகங்களும் பாடசாலை அபிவிருத்திக் குழுக்களும் தமது அடுத்த கூட்டத்தில் இதைப் பேச வேண்டும். நமக்குத் தேவை ஓர் அறை, ஒரு கரும்பலகை, பத்துக் குடும்பங்கள். அல்லாஹ் துணை புரிவானாக.