முகக்குறிப்பும் சமூக உறவும்
சிலாவத்துறையை முன்வைத்து ஒரு நோக்கு

முகக்குறிப்பு மனித இனத்தின் பொது இயல்பா, சமூகம் கற்பிக்கும் மொழியா என்னும் வினா நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருவதாகும். சார்ள்ஸ் டார்வின் 1867இல் வினாக்கொத்தொன்றை அச்சிட்டுப் பல நாடுகளுக்கும் அனுப்பினார். இலங்கையிலிருந்தும் அவருக்கு விடைகள் கிடைத்தன. 1872இல் வெளியிட்ட நூலில், முதன்மையான முகக்குறிப்புகள் மனிதகுலத்துக்குப் பொதுவானவை என அவர் வாதித்தார். 1969இல் போல் எக்மன், வொலஸ் பிரீசன் ஆகியோர், எவ்வுணர்ச்சியை எவர்முன் காட்டலாம், எதனை மறைத்தல் வேண்டும் என்பதற்குச் சமூக விதிகள் உள என எடுத்துக்காட்டினர். அவ்விதிகள் எவருடைய நலனுக்கு உதவுகின்றன என்பதே ஈண்டு நாம் எழுப்பும் வினா.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. அழுகையின் களன்களுள் வறுமையும், அச்சத்தின் களன்களுள் அரசனும் இடம்பெறுகின்றன. உள்ளத்து உணர்ச்சி மெய்யிற் புலப்படுவதே மெய்ப்பாடு; எனினும் அவ்வுணர்ச்சியின் தோற்றுவாய் பொருள்நிலையிலும் அதிகாரத்திலும் காணப்பட்டமை கருதத்தக்கது.

இதனை மன்னார்க் கரையில் வைத்து நோக்கலாம். சிலாபம் என்னும் சொல் முத்துக்குளிப்பைக் குறிக்கும். சிலாபத்துறையே சிலாவத்துறை என மருவிற்று என்பர். பிரித்தானியராட்சியில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கடலில் நடந்த குளிப்புகளிற் கிடைத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்குரியது, எஞ்சியதே குளிப்போருக்கு. கடலடியிலே குளிப்பவரின் முகத்தைக் காண்பார் இல்லை. கயிற்றை அசைத்தே அவர் மேலிருப்பவருக்குக் குறிப்புணர்த்தினார். மேலே வந்தபின் அவர் முகம் காவலரின் பார்வைக்கு உட்பட்டது. படகிலேயே சிப்பியைப் பிளந்து முத்தெடுத்துவிடுவார் என்ற ஐயமே காவலுக்குக் காரணம்.

வணிகர் முகமோ வேறு. பதினேழாம் நூற்றாண்டிற் கோல்கொண்டாப் பகுதியின் வைர வணிகத்தைக் கண்ட தவேர்னியே என்னும் பிரெஞ்சு வணிகர், வாங்குவோரும் விற்போரும் வாயாலும் கண்ணாலும் பேசாது, துணிக்கடியிற் கைபற்றி விலை தீர்த்ததை விவரிக்கிறார். முழுக்கையைப் பற்றினால் ஆயிரம்; ஒரு விரல் நூறு; நடுக்கணுவரை பற்றினால் ஐம்பது. முத்து வணிகத்திலும் இம்முறை வழங்கியது. முகத்தின் அசைவு விலையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆதலின் முகம் அடக்கப்பட்டது.

ஆக, உணர்ச்சி காட்டாமை என்னும் ஒரே செயல், வணிகரிடத்தில் தொழில்திறன். குளிப்பவரிடத்தில் களவின் அறிகுறி. முகத்தசைகள் இருவர்க்கும் ஒன்றே. அவற்றுக்குப் பொருள் கூறும் உரிமைதான் ஒருபக்கத்தில் நின்றது.

இது பழங்கதையன்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது இவ்வூர் மக்களும் வெளியேறினர். போர் முடிந்த 2009க்குப் பின் மீண்டோருட் பலர், தம் காணிகளிற் கடற்படை முகாம் இருக்கக் கண்டனர். காணி கேட்டு அதிகாரிமுன் நிற்பவரின் அசையாத முகத்தை, அவர் பொறுத்துக்கொண்டார் என்றோ உடன்பட்டார் என்றோ கொள்வது எளிது. மெய்ப்பாட்டியல் காட்டும் வழியில் அந்நிலையின் களனைத் தேடுவோமாயின், ஆங்கு உடன்பாடு தென்படாது. அச்சமும் இழப்புமே தென்படும். முகத்தைப் படிப்பவர், அம்முகம் எவர்முன் நிற்கின்றது என்பதையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.