இஞ்சின் ஆயில் குடிக்கிறதா? சிலிண்டரைப் பாருங்கள்



1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு நம்ம கோவைப் பக்கத்துக் கிணறுகளில் கவலை ஏற்றம் குறைந்து மோட்டார் வந்தது. ஆனாலும் கரண்ட் நின்றால் ஆயில் இஞ்சின், உழவுக்கு டிராக்டர் என்று சிலிண்டர் வைத்த இஞ்சின்கள் தோட்டத்தை விட்டுப் போகவில்லை. அது நீலப் புகை விட்டு ஆயிலைக் குடித்தால், "ரிங்கை மட்டும் மாத்துங்க" என்று சொல்லிவிடுகிறோம். பல நேரம் அது வீண் செலவுங்க.

சிலிண்டர் ஒரே சீராகத் தேய்வதில்லை. பிஸ்டன் மேலே போய்த் திரும்புகிற இடத்தில் சூடும் அழுத்தமும் அதிகம், ஆயில் குறைவு. அங்கேதான் தேய்மானம் அதிகம்; அடியில் கொஞ்சம்தான். கனெக்டிங் ராடு சாய்ந்து தள்ளுவதால் வட்டமும் முட்டை வடிவமாகிவிடும். இதில் புது ரிங் எப்படிப் படியும்?

தேய்மானத்தை நீங்களே பார்க்கலாம். ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளுங்கள். ரிங் வாயின் இடைவெளியை மேலே ஒரு தடவை, அடியில் ஒரு தடவை ஃபீலர் கேஜால் அளந்து, வித்தியாசத்தை மூன்றால் வகுங்கள். மேலே 0.90 மில்லி மீட்டர், அடியில் 0.45 என்றால், மேலே 0.15 அகன்றிருக்கிறது. சுற்றளவு என்பது அகலத்தைப்போல் மூன்று மடங்குக்குச் சற்று மேல், அதனால்தான் இந்தக் கணக்கு. முட்டை வடிவம் இதில் தெரியாது. அதைப் பட்டறையில் டயல் கேஜ் வைத்துத்தான் பார்க்கணும். இஞ்சின் புத்தகத்தில் சொன்ன அளவைத் தாண்டிவிட்டால் ரீபோர், இல்லை புது லைனர்.

கணபதி, பீளமேடு பக்கம் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஓவர்சைஸ் பிஸ்டனை முதலில் வாங்கிக் கையோடு கொண்டுபோங்க. அதை அளந்துதான் துளை போடணும். போரிங் முடிந்ததும் ஹோனிங் கல் கடைசி இம்மியைத் தேய்த்து எடுக்கும். கல் சுற்றிக்கொண்டே மேலும் கீழும் போனால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு விழும். அந்தக் கோட்டில்தான் ஆயில் தங்கும். இரண்டு முனையிலும் கல்லில் மூன்றில் ஒரு பங்கு வெளியே வரணும். கூடுதலாக வந்தால் வாய் அகன்றுவிடும். வராமலே இருந்தால் நடுப்பகுதி பீப்பாய் மாதிரி ஆகிவிடும். ஸ்பிரிங் வைத்த சின்ன ஹோன் பளபளப்பைத்தான் எடுக்கும், கோணலை நேராக்காது. அதை மட்டும் ஓட்டிவிட்டு "ரீபோர் முடிஞ்சுதுங்க" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கல் தூள் உள்ளே நின்றால் புது ரிங் சீக்கிரமே போய்விடும். மண்ணெண்ணெய் மட்டும் போதாது. சூடான சோப்புத் தண்ணீரும் பிரஷும் போட்டு, வெள்ளைத் துணியில் கருமை ஒட்டாத வரைக்கும் கழுவுங்க. ஈரம் துடைத்த உடனே ஆயில் தடவணும், இல்லையென்றால் துரு பிடிக்கும். ஆரம்பத்தில் முழுப் பளு கொடுக்காமல், சும்மாவும் ஓடவிடாமல், மிதமான பளுவில் ஓட்டி, முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிடுங்கள்.