துரத்துவது காவலாகுமா?

பாலியல் குற்றத்துக்காகச் சிறை சென்றவன் தண்டனைக் காலம் முடிந்து ஊர் திரும்புகிறான் என்ற செய்தி பரவியதும், அவ்வூர் கலங்குவது இயல்பு. "எங்கள் தெருவில் அவன் குடியிருக்கலாகாது" என்று பெற்றோர் கூறுவதைக் குறைகூற எமக்கு மனமில்லை. ஆயினும் ஒன்று கேட்கிறோம்: தெருவினின்றும் துரத்தப்பட்டவன் எங்கே போனான் என்பதை எவரும் அறியாதிருந்தால், அதற்குப் பெயர் பாதுகாப்பா?

ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் இதற்கு விடை கூறும். அங்கே அயோவா ராஜ்யத்துச் சட்டசபை 2002-ம் வருஷத்தில் ஒரு சட்டம் இயற்றிற்று. சிறார்களிடம் இக்குற்றம் புரிந்தவர்கள், பள்ளிக்கூடத்துக்கோ குழந்தைக் காப்பகத்துக்கோ 2,000 அடிக்குள் குடியிருக்கலாகாது என்பது அதன் விதி. வழக்கு நடந்தது, சட்டம் செல்லும் என்று 2005-ல் மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளைந்தது என்ன? பல ஊர்களில் அவர்களுக்கு வீடே கிடைக்காமற் போயிற்று. சிலர் வீடற்று அலைந்தனர். சிலர் பொய் விலாசம் கொடுத்தனர். சிலர் போலீஸாரின் கண்ணுக்கே மறைந்தனர். 2006-ல் அந்த ராஜ்யத்துச் சர்க்கார் வக்கீல்களின் சங்கமே, இவ்விதி குழந்தைகளைக் காக்கவில்லை என்று பகிரங்கமாக அறிக்கை விடுத்தது. குற்றவாளிகளைத் தண்டனைக்கு உள்ளாக்குவதையே தொழிலாகக் கொண்டோரின் சங்கம் அது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 2009-ல் சட்டசபை அவ்விதியைக் கொடிய குற்றங்களுக்கு மட்டும் உரியதாகச் சுருக்கிற்று.

அண்டை ராஜ்யமான மின்னஸோட்டாவின் சிறை இலாகா, 1990 முதல் 2002 வரை விடுதலையாகி, மீண்டும் பாலியல் குற்றத்துக்காகச் சிறை புகுந்த 224 பேருடைய வழக்குகளை ஆராய்ந்தது. இத்தகைய தூர விதியால் தடுக்கப்பட்டிருக்கக்கூடிய வழக்கு ஒன்றுகூட இல்லை என்று 2007-ல் அது வெளியிட்டது. காரணம் எளிது. குழந்தையைக் கெடுப்பவன் பெரும்பாலும் வழிப்போக்கனல்லன். உறவினன், அல்லது வீட்டாருக்குப் பழக்கமானவன். வாசலில் வரவேற்கப்பட்டே உள்ளே வருபவனை அடிக்கோலால் தடுப்பது எங்ஙனம்?

கனடாவில் வேறொரு வழி பிறந்தது. 1994-ல் ஹாமில்ட்டன் நகரில், மெனனைட் கிறிஸ்தவ சபையின் போதகர் ஒருவரும் சபையார் சிலரும், விடுதலையாகி வந்த ஒருவனைச் சூழ்ந்து நின்றனர். நான்கைந்து சாதாரண மனிதர் அவனை ஓயாமல் சந்திப்பது, எங்கே போனாய், யாருடன் இருந்தாய் என்று கேட்பது, வேலைக்கும் வீட்டுக்கும் வழி செய்வது, வழுவினால் அதிகாரிகளுக்கு அறிவிப்பது: இதுவே முறை. இது மன்னிப்பன்று, உறங்காத கண்காணிப்பு. 2008-ல் மின்னஸோட்டாவும் இம்முறையைக் கைக்கொண்டது.

நம் நாட்டின் நிலை என்ன? 2018 செப்டம்பரில் இந்திய சர்க்கார் பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பதிவேட்டைத் தொடங்கிற்று. தொடங்கும்போதே 4 லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகள் அதில் இருந்தன. போலீஸாருக்கே அது திறக்கும், பொதுஜனங்களுக்கன்று. இது சரியென்றே கொள்கிறோம். குற்றவாளி உறவினனாயிருக்கையில், அவன் பெயரை ஊரறியச் செய்வது, பாதிக்கப்பட்ட குழந்தையையும் ஊரறியச் செய்வதாகும். ஆனால் ஏட்டில் பெயர் எழுதுவது மட்டும் மேற்பார்வையாகாது. விடுதலையானவனை வாரந்தோறும் சந்திக்கப் பயிற்சி பெற்ற அதிகாரி வேண்டும். அவன் மனநோயைத் தீர்க்க வைத்தியர் வேண்டும். அவனுக்கு நிலையான விலாசமும் உழைத்துண்ண ஒரு தொழிலும் வேண்டும். இதற்குப் பணம் ஏது என்று கேட்போர், மற்றொரு குழந்தையின் வாழ்வுக்கு என்ன விலை மதிக்கிறார்கள் என்பதையும் கூறட்டும்.

அவனிடத்தில் இரக்கம் கொள்ளுங்கள் என்று நாம் எவரையும் வற்புறுத்தவில்லை. கண்ணுக்கெட்டிய இடத்தில் இருப்பவனையே காவல் செய்ய முடியும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.