செக்கு அங்கேயே இருக்கட்டும்

கோவை காந்திபுரத்தில் பஸ் இறங்கி நஞ்சப்பா ரோட்டில் நடந்தால், மத்திய சிறையின் மதில் கூடவே வரும். 1872-இல் எழுந்த சிறை. 2009-இல் திருப்பூர் தனி மாவட்டமாகப் பிரியும்வரை திருப்பூர்க்காரர்களான நமக்கும் அதுதான் மாவட்டத் தலைநகரின் ஜெயில். தாலுகா சப்-ஜெயிலில் சில நாள் இருந்தவர், தண்டனை உறுதியானதும் கோவைக்குத்தான் போவார். உள்ளே தறியும் ஓடுகிறது. போலீஸ் காக்கித் துணியைக் கைதிகள் நெய்கிறார்கள்.

ஆனால் இந்தச் சிறையை நாடு நினைவில் வைத்திருப்பது ஒரு செக்குக்காக. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் விட்ட வக்கீல் வ.உ.சி.க்கு 1908 ஜூலை 7 அன்று, நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். ஜூலை 9 முதல் 1910 டிசம்பர் 1 வரை அவர் இங்கே அடைபட்டிருந்தார். முதலில் சணல் கிழிக்கும் இயந்திரம் சுற்றவிட்டார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் வந்தது. பிறகு செக்கு.

செக்காட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தண்டனையின் கனம் புரியும். கல் உரலில் வித்தைக் கொட்டி, உலக்கை சாய்ந்து அழுத்த, பாரம் ஏற்றிய தடியை மாடு இழுத்துக்கொண்டே சுற்றும். எண்ணெய் பிரியப் பிரியப் பிண்ணாக்கு இறுகும், இழுவையும் கூடும். காளைகளே களைத்துப்போகிற வேலை. அதில் மாட்டுக்குப் பதிலாக ஒரு வக்கீலைக் கட்டினார்கள். அந்த உடம்போடுதான் ஜேம்ஸ் ஆலனின் நூலை 'மனம்போல வாழ்வு' என்று அவர் தமிழில் தந்தார். கோவை வக்கீல் சி.கே. சுப்பிரமணிய முதலியார் அந்த நாட்களில் அவருக்குத் துணை நின்றார். ஆட்சிக்கு ஆகாத ஒருவருக்கு அப்போது துணை நிற்பது லேசான காரியம் இல்லை.

அந்தச் செக்கைச் சிறைக்குள் நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். சென்னை கிண்டி காந்தி மண்டபத்திலும் வ.உ.சி. இழுத்த செக்கென்று ஒன்று இருக்கிறது. அங்கே போகிறவர் கல்லைப் பார்க்கலாம். மதிலையும் கொட்டடியையும் பார்க்க முடியாது.

இப்போது சிறை நிலத்தின் ஒரு பகுதியில் 45 ஏக்கரில் செம்மொழிப் பூங்கா வந்துவிட்டது. சிறை காரமடைப் பக்கம் பிளிச்சிக்குப் போக வேண்டும் என்பது திட்டம். நகரத்துக்குப் பூங்கா வேண்டும், மறுப்பில்லை. என் பயம் பழைய கட்டடங்களைப் பற்றியது. சென்னை மத்திய சிறைக்கு நேர்ந்ததை மறக்க முடியவில்லை. 1837-இல் கட்டியது. கைதிகளைப் புழலுக்கு மாற்றினார்கள். மக்கள் பார்க்கச் சில நாள் திறந்துவிட்டு, 2009-இல் இடித்தார்கள். அந்தமான் சிறையின் ஏழு சிறகுகளில் மூன்றுதான் மிஞ்சின. அந்த மூன்றே இன்று தேசிய நினைவகம். அமெரிக்காவில் சிற்றூர்களில்கூட, ஷெரீப் குடும்பத்தோடு வாழ்ந்த வீட்டையும் அதை ஒட்டிய ஜெயிலையும் சேர்த்தே காப்பாற்றி அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். அதிகாரியின் மனைவி கைதிகளுக்குச் சமைத்த அடுப்படிவரை காட்டுகிறார்கள்.

திருப்பூர் 1932-இல் குமரனை இழந்த ஊர். அவர் அடிபட்டு விழுந்த ஊரிலேயே அவருக்கு நினைவகம் வைத்தோம். கோவையிலும் அப்படியே நடக்க வேண்டும். செக்கைப் பெயர்த்துப் பூங்காவில் அழகுக்கு வைக்கக் கூடாது. பழைய கொட்டடிகள், தறிக்கூடம், காவலர் குடியிருப்பில் ஒரு வீடு, ரோட்டோர மதிலில் ஒரு துண்டு ஆகியவற்றோடு செக்கு நிற்கும் இடத்தையும் சேர்த்து, இடமாற்றம் முடியும் முன்பே பாதுகாக்கப்பட்ட சின்னமாக அரசு அறிவிக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் அனுமதிக் கடிதம் இல்லாமல் எந்த நாளும் உள்ளே போய்ப் பார்க்க வழி செய்ய வேண்டும்.