பெங்களூர்க் குளுமையை நம்பிய முகம்

சில ஆண்டுகளுக்கு முன், ஊரிலிருந்து வந்த பேத்தி என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "என்ன தாத்தா, மூஞ்சியில மேப் வரைஞ்சிருக்கு?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த வெட்கத்தில் நான் செய்த தவற்றை நம் சங்கத்து அன்பர்கள் யாரும் செய்யக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பங்காரப்பேட்டைக்கும் ஒயிட்ஃபீல்டுக்கும் இடையே பாதை ஆய்வுக்காகத் தள்ளு டிராலியில் போன நாட்கள் கணக்கில்லை. குடை உண்டு, காற்றடித்தால் மடக்கி வைத்துவிடுவோம். திருச்சி வெயிலாக இருந்தால் தானாக நிழல் தேடுவோம். இங்கே குளுகுளுவென்று காற்று வீசும்போது வெயில் உறைப்பதே தெரியாது. ஆனால் தோலை அதிகம் கெடுப்பது சூடு அல்ல, புற ஊதாக் கதிர். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் அதன் வலு சுமார் 10 சதவீதம் கூடும். பெங்களூர் 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மெல்லிய மேகத்தையும் அது தாண்டி வரும். அதில் 'ஏ' வகைக் கதிர் ஜன்னல் கண்ணாடி வழியாகவும் வந்து, தோலின் ஆழம் வரை போய்ச் சுருக்கத்தை உண்டாக்கும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். மருந்துக் கடையில் முகத்தைக் காட்டிக் கேட்டேன். ஒரு சிறு டியூப் கொடுத்தார்கள். டாக்டர் சீட்டு கேட்கவில்லை. பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆனது. வீட்டில்கூட, "என்ன, மாப்பிள்ளை கோலமா?" என்றாள். நான்காம் மாதம் எரிச்சல், சிவப்பு. கன்னத்தில் நூல் நூலாக ரத்த நாளங்கள். நிறுத்தினால் இன்னும் மோசம். தோல் மருத்துவர் டியூபைப் பார்த்ததுமே, "இதில் ஸ்டீராய்டு இருக்கிறது" என்றார். தோலை மெலிய வைத்துவிடுமாம். படிப்படியாகத்தான் அதிலிருந்து மீட்டார்.

மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் ஆகிய பெயர்களை நினைவில் வையுங்கள். இவை சில நோய்களுக்கு நல்ல மருந்துகள்தான். அழகுக் கிரீம்கள் அல்ல. இத்தகைய 14 பூச்சு மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று 2018இல் மத்திய அரசு ஆணையிட்டது. சீட்டு வேண்டிய மருந்தின் அட்டையில் இடப்புறம் சிவப்புக் கோடு இருக்கும். ஒரு போல்ட் வாங்கினாலும் அளவு பார்த்து வாங்கியவன் நான். முகத்தில் பூசுவதன் அட்டையைப் படிக்கவில்லை!

பிறகு மருத்துவர் சொன்னவை மிகச் சாதாரணம். முதலில் சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப். 30 என்பது சிவக்க வைக்கும் 'பி' வகைக் கதிரில் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்காக இரட்டை விலை கொடுக்க வேண்டியதில்லை. 'ஏ' வகையையும் தடுக்குமா என்பதற்கு, அட்டையில் 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்றோ பி.ஏ. எழுத்துகளுக்குப் பக்கத்தில் கூட்டல் குறிகளோ இருக்கிறதா என்று பாருங்கள். பொட்டு வைப்பதுபோல் தடவினால் பயனில்லை. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூச வேண்டும். வெளியிலேயே இருந்தால் இரண்டு மணிக்கொரு முறை மறுபடியும்.

வயதானால் தோலில் எண்ணெய்ச் சுரப்பு குறையும். மார்கழிக் காற்றில் கால் பாளம் பாளமாக வெடிக்கும். குளித்த ஈரம் காயுமுன் கிளிசரின் கலந்த கிரீமோ வெறும் வாசலினோ போதும். சோப்பை அக்குள், தொடையிடுக்கு, பாதம் இவற்றோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார். மைசூர் சந்தன சோப்பை உடம்பெல்லாம் நுரைக்கத் தேய்த்தே வளர்ந்த எனக்கு இதுதான் பெரிய தியாகம்!

சுருக்கத்துக்கென்று நிரூபணமான மருந்து டிரெட்டினாயின். அமெரிக்காவில் 1995இல் இதற்காகவே அனுமதி பெற்றது. இரவில் ஒரு பட்டாணியளவு. பலன் தெரிய மாதங்கள் ஆகும். அதையும் டாக்டர் சொல்லித்தான் தொட வேண்டும். ஆறாத புண்ணோ உருமாறும் மச்சமோ இருந்தால் கிரீம் தேடாமல் நேரே தோல் மருத்துவரிடம் போங்கள்.

என் மேப் முழுதும் அழியவில்லை, கொஞ்சம் வெளுத்திருக்கிறது. இப்போது அகல விளிம்புத் தொப்பியோடு அல்சூர் ஏரிக்கரையில் நடக்கிறேன். நண்பர்கள் என்னை 'அம்பயர் சார்' என்று கூப்பிடுகிறார்கள்.